கான்ஃபரன்ஸுக்குப் பேப்பர் அனுப்பப் போகிறீர்களா? முதலில் டெம்ப்ளேட்டைத் திறங்கள்

தர்மபுரியில் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரண்டாம் வருடம் வீட்டுச் சூழ்நிலையால் விட்டுவிட்டு வந்தவன் நான். ஆராய்ச்சியை நான் விட்டாலும் ஆராய்ச்சி மாணவர்கள் என்னை விடவில்லை. தீசிஸ் பைண்டிங், பேப்பர் ஃபார்மேட்டிங், போஸ்டர் டிசைன் என்று கடையில் பாதி வேலை அவர்களுடையதுதான்.

அவர்கள் வரும் நேரம் பெரும்பாலும் இரவு ஒன்பதரை, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. "அண்ணா, எல்லாம் ரெடி. ஃபார்மேட் மட்டும் போட்டுக் குடுங்க, பத்து நிமிஷ வேலைதான்."

சில வருடங்களுக்கு முன்பு அப்படி வந்த ஒரு பையனின் பேப்பர் ஒற்றைப் பத்தியில், அதாவது பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்காமல், 11 பக்கம். கான்ஃபரன்ஸ் கேட்டது இரட்டைப் பத்தியில் 6 பக்கம். கான்ஃபரன்ஸ் தரும் மாதிரி ஃபைலான டெம்ப்ளேட்டில் கொட்டிப் பார்த்தால் எட்டரை பக்கம் வந்தது. எதை வெட்டுவது? முன்னுரையை வெட்ட அவனுக்கு மனசு வரவில்லை. படங்களை வெட்டினால் கைடு திட்டுவார். கடைசியில் இருவரும் சேர்ந்து செய்முறைப் பகுதியைத்தான் வெட்டினோம். ஒரு மாதம் கழித்து, பேப்பரை மதிப்பிடும் ரெவ்யூவர் எழுதியிருந்தது ஒரே வரி: அளவீடு எப்படிச் செய்யப்பட்டது என்பது புரியவில்லை. பேப்பர் திரும்பி வந்தது. அந்தக் கத்தரிக்கோலில் என் கையும் இருந்தது.

அன்றிலிருந்து கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்கிறேன். எழுதி முடித்துவிட்டு டெம்ப்ளேட்டுக்கு வராதீர்கள், டெம்ப்ளேட்டுக்குள் உட்கார்ந்து எழுதுங்கள். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒன்றின் விரிவுதான். புரிவதற்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: பென்னாகரம் பக்கம் 30 போர்வெல்களில் தண்ணீர் எடுத்து ஃப்ளோரைடு அளவு பார்த்த ஒரு கற்பனைப் பேப்பர். தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பல் கறைபடிந்தவர்களை நம் மாவட்டத்தில் பார்க்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை என்பதால் தலைப்பு எல்லோருக்கும் புரியும்.

எந்த கான்ஃபரன்ஸ்

மெயிலில் வருகிற எல்லா அழைப்பும் அழைப்பு அல்ல. "மதிப்புமிக்க ஆய்வாளரே" என்று உங்களைத் தேடி வந்து புகழ்கிற கான்ஃபரன்ஸ், பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் தமிழிலக்கியமும் ஒரே நாளில் ஒரே ஹாலில் நடக்கிற கான்ஃபரன்ஸ், அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லி வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்கிற கான்ஃபரன்ஸ், இந்த மூன்றையும் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பின் பெயர் போஸ்டரில் இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ஐ.இ.இ.இ. தன் தளத்திலேயே கான்ஃபரன்ஸ் தேடும் வசதி வைத்திருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் வரும் என்று சொன்னால், போன வருடக் கட்டுரைத் தொகுப்பு ஸ்கோபஸில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். "வரும்" என்பதற்கும் "வந்திருக்கிறது" என்பதற்கும் நடுவில் நிறையப் பேரின் பணம் போயிருக்கிறது. 'திங்க், செக், அட்டெண்ட்' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. பத்து நிமிடம் செலவழித்து அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிறகு அந்த அறிவிப்பிலிருந்து ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டுங்கள்: பக்க வரம்பு, அந்த வரம்புக்குள் ரெஃபரன்ஸும் சேருமா, எந்த டெம்ப்ளேட், ஆசிரியர் பெயரை மறைக்க வேண்டுமா, கடைசி நாள். இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. முக்கால் பக்கம் அங்கேதான் காணாமல் போகும்.

டெம்ப்ளேட்டைப் படிப்பது

நம் பக்கத்து மாணவர்களுக்கு அதிகம் வருவது இரண்டு அச்சுகள்.

ஐ.இ.இ.இ. டெம்ப்ளேட்டில் இரட்டைப் பத்தி. தலைப்பு 24 பாயிண்ட், உடல் 10, அப்ஸ்ட்ராக்ட் எனும் சுருக்கம் 9 பாயிண்ட் தடித்த எழுத்து, ரெஃபரன்ஸ் 8, எல்லாம் டைம்ஸ் நியூ ரோமன். பெரிய பிரிவுகளுக்கு ரோமன் எண், உட்பிரிவுகளுக்குச் சாய்ந்த எழுத்தில் ஏ, பி, சி. ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்.என்.சி.எஸ். என்ற கணினி அறிவியல் தொகுப்பு வரிசையின் அச்சு ஒற்றைப் பத்தி. எழுத்துப் பரப்பு 12.2 செ.மீ. அகலம், 19.3 செ.மீ. உயரம்தான், அதாவது ஏ4 தாளில் நாலு பக்கமும் வெற்றிடம் பெரிதாகத் தெரியும். "இடம் வீணாகுதே அண்ணா" என்று மார்ஜினைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்கக் கூடாது. அந்தத் தொகுப்பு சிறிய அளவுப் புத்தகமாக அச்சாகிறது, அதற்கான அளவு அது.

இதில் ஒரு சின்னக் கண்ணி. ஐ.இ.இ.இ. ஏ4 தாளுக்கு ஒன்று, அமெரிக்க லெட்டர் தாளுக்கு ஒன்று என்று இரண்டு டெம்ப்ளேட் தருகிறது. லெட்டர் 216 × 279 மி.மீ., ஏ4 210 × 297 மி.மீ. இந்தியாவில் நடக்கும் கான்ஃபரன்ஸ்கள் பெரும்பாலும் ஏ4 கேட்கும், ஆனாலும் அறிவிப்பைப் பார்த்தே எடுங்கள். பாதி வழியில் மாற்றினால் எல்லாப் படமும் இடம் பெயரும்.

வேர்டில் செய்பவர்களுக்கு முக்கியமான ஒரு பழக்கம்: எழுத்தை நீங்களாகப் பெரிதாக்காதீர்கள், தடிமனாக்காதீர்கள். டெம்ப்ளேட்டில் 'ஸ்டைல்ஸ்' என்ற பெட்டியில் தலைப்பு, உடல், படக்குறிப்பு, ரெஃபரன்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டைல் இருக்கும். வேறு ஃபைலிலிருந்து ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டி, பிறகு ஸ்டைலைத் தட்டுங்கள். நேரடியாக ஒட்டினால் பழைய ஃபைலின் ஸ்டைல்கள் விருந்தாளி போல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், கிளப்பவே முடியாது. என் கடையில் ஃபார்மேட்டிங்குக்கு ஆகும் நேரத்தில் முக்கால்வாசி இந்த விருந்தாளிகளைத் துரத்துவதில்தான் போகிறது.

சமன்பாடு அதிகம் என்றால் வேர்டுக்குப் பதில் லேட்டெக் என்ற தட்டச்சு மென்பொருள். கணினியில் நிறுவ வேண்டியதில்லை, ஓவர்லீஃப் தளத்தில் இலவசக் கணக்கு போதும். இரண்டு அச்சுகளும் அங்கே தயாராக இருக்கின்றன. கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடிக்கும். அடுத்த பேப்பரில் அந்த ஒரு வாரம் வட்டியோடு திரும்பி வரும். ஒரே ஒரு பேப்பர்தான், நாலு சமன்பாடுதான் என்றால் வேர்டே போதும், யார் கேலி செய்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

இன்னொன்று. டெம்ப்ளேட்டில் விளக்கத்துக்காக எழுதியிருக்கும் வாக்கியங்களை எல்லாம் அழித்துவிடுங்கள். ஐ.இ.இ.இ. அந்த ஃபைலின் கடைசியில் சிவப்பு எழுத்தில் எச்சரித்திருக்கிறது: டெம்ப்ளேட் வாக்கியம் மிச்சமிருந்தால் பேப்பர் வெளியாகாமல் போகலாம். அந்தச் சிவப்பு வாக்கியத்தையே அழிக்காமல் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பக்கக் கணக்கு

டெம்ப்ளேட் திறந்தாயிற்று. இன்னும் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆறு பக்கம் என்றால் ஆறு பக்கத்தையும் பங்கு பிரியுங்கள். இரட்டைப் பத்தியில், படமில்லாத ஒரு முழுப் பக்கத்துக்குச் சுமார் 900 ஆங்கிலச் சொற்கள் பிடிக்கும். நம் ஃப்ளோரைடு பேப்பருக்கு நான் பிரித்துக் கொடுப்பது இப்படி: தலைப்பு, பெயர்கள், அப்ஸ்ட்ராக்ட் அரைப் பக்கம். முன்னுரை முக்கால். ஆய்வுப் பகுதியும் செய்முறையும் சேர்ந்து ஒன்றேகால். முடிவுகளும் விவாதமும் படங்களோடு இரண்டே முக்கால். கடைசி முக்கால் பக்கத்தில் முடிவுரையும் ரெஃபரன்ஸும்.

இந்தக் கணக்கை அந்தந்தத் தலைப்பின் கீழே எழுதி வைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். முன்னுரை இரண்டு பக்கம் போகும்போதே கை நிற்கும். உலகத்தில் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதில் தொடங்குகிற முன்னுரைகளை நான் நூறாவது படித்திருப்பேன். பென்னாகரத்தில் தொடங்குங்கள்.

எழுதும் வரிசை

படிக்கிற வரிசையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் படங்களும் அட்டவணைகளும், அடுத்து செய்முறை, பிறகு முடிவுகள், அதன் பிறகு முன்னுரை. அப்ஸ்ட்ராக்டும் தலைப்பும் கடைசி.

செய்முறைக்கு ஒரே அளவுகோல்: கிருஷ்ணகிரியில் இருக்கும் இன்னொரு மாணவர் உங்கள் பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா? நம் எடுத்துக்காட்டில் அவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். போர்வெல்லின் ஆழம். எந்த மாதம் எடுத்தது, மே மாதத் தண்ணீரும் டிசம்பர் தண்ணீரும் ஒன்றல்ல. எடுக்குமுன் எவ்வளவு நேரம் பம்பை ஓடவிட்டீர்கள். பாலித்தீன் பாட்டிலா கண்ணாடியா, ஃப்ளோரைடுக்குக் கண்ணாடி ஆகாது. அளந்தது ஸ்பேட்ன்ஸ் நிறமுறையிலா, அயனி மின்முனையிலா. மின்முனை என்றால், அளவு சீராக வர உதவும் டிசாப் கரைசல் சேர்த்தீர்களா. ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை முறை அளந்தீர்கள்.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகு ஒரே தெருவில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது, காவிரி ஒன்று, போர்வெல் ஒன்று. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பான் கடனுதவியில் வந்த திட்டம் அது. நீங்கள் பாட்டிலில் பிடித்தது எந்தத் தண்ணீர் என்று எழுதாவிட்டால் உங்கள் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

முடிவுகளை எழுதும்போது ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் ஃப்ளோரைடுக்கு லிட்டருக்கு 1.0 மி.கி. ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மி.கி. வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். 1.2 மி.கி. உள்ள கிணறு ஒரு கணக்கில் மீறியது, இன்னொரு கணக்கில் மீறாதது. விவாதப் பகுதியில் காரணத்துக்குப் போங்கள்: நம் மாவட்டத்தின் அடியில் இருக்கும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்தால் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். ஆக, கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளக்காமல் ஃப்ளோரைடை மட்டும் அளந்த பேப்பர் கால் ஒடிந்த நாற்காலி.

அப்ஸ்ட்ராக்ட் 150 முதல் 250 சொற்கள். என்ன கேள்வி, எப்படிப் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது, அதனால் என்ன. "என்ன கிடைத்தது" என்ற இடத்தில் எண் இருக்க வேண்டும். அப்ஸ்ட்ராக்டில் ரெஃபரன்ஸ் எண் போடாதீர்கள், சமன்பாடு போடாதீர்கள். தலைப்பில் 'எ ஸ்டடி ஆன்' என்ற மூன்று சொற்களை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

உங்கள் பெயர்

இதைப் பற்றி நீளமாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது.

சப்மிட் செய்யும் தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுக்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பேப்பர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதியமான் குலப்பெயர், அஞ்சி அவருடைய பெயர். வெள்ளைக்காரர் வழக்கப்படி கடைசியில் நிற்கும் 'அஞ்சி'யைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கணினி அவரை 'ஏ. என். அஞ்சி' என்று பதியும். அடுத்த பேப்பரில் அவருடைய மாணவர் கட்டத்தை மாற்றிப் போட்டால் 'என். ஏ. அதியமான்'. மூன்றாவதில் 'அஞ்சி ஏ.' கூகுள் ஸ்காலர் கண்ணில் மூன்று மன்னர்கள். நெல்லிக்கனி யார் கொடுத்தது என்று ஔவைக்கே குழப்பம் வரும்.

தீர்வு எளிது. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், சாகும்வரை மாற்றாதீர்கள். இனிஷியலைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டால் ரெஃபரன்ஸில் நீங்கள் வெறும் ஒரு எழுத்தாக நிற்பீர்கள். அதனால் அப்பா பெயரை விரித்து எழுதி அதைக் கடைசிக் கட்டத்தில் போடுவது நல்லது என்பது என் கருத்து. இல்லை, என் பெயரால்தான் என்னைக் குறிக்க வேண்டும் என்றால் அப்பா பெயரை முதல் கட்டத்திலும் உங்கள் பெயரைக் கடைசியிலும் போடுங்கள். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றும் பெண்கள், வெளியான பேப்பரில் உள்ள பெயரையே ஆராய்ச்சியில் தொடருங்கள். ரேஷன் கார்டு வேறு, பேப்பர் வேறு. கையோடு ஆர்கிட் எனும் ஆய்வாளர் அடையாள எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். இலவசம், 16 இலக்கம், பெயர் எப்படித் திரிந்தாலும் எண் உங்களுடையது.

யார் பெயர் முதலில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கைடிடம் பேசிவிடுங்கள். வேலையில் கை வைக்காதவரின் பெயரைச் சேர்ப்பதும், மாதிரி எடுக்க மொபெட்டில் கூடவே அலைந்து அளவீடும் செய்த ஜூனியரின் பெயரை விடுவதும், இரண்டும் தவறு.

ஊர்ப் பெயருக்கும் இதே விதி. ஒகேனக்கலை ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். ஒரே பேப்பரில் இரண்டும் இருந்தால் ரெவ்யூவருக்கு அவை இரண்டு ஊர்.

படமும் அட்டவணையும்

ஐ.இ.இ.இ. பத்தியின் அகலம் ஏறத்தாழ 8.8 செ.மீ. எக்செல்லில் 20 செ.மீ. அகலத்துக்கு வரைந்துவிட்டுச் சுருக்கினால் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எழுத்து எறும்பு வரிசை ஆகிவிடும். வரையும்போதே படத்தின் அகலத்தை 8.8 செ.மீ. என்று வைத்து, உள்ளே 8 பாயிண்ட் எழுத்தைப் போட்டு வரையுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பேப்பர் பார்க்கவே வேறு மாதிரி இருக்கும். புகைப்படத்துக்கு 300 டி.பி.ஐ., கோட்டுப் படத்துக்கு 600. வாட்ஸாப்பில் அனுப்பிய போட்டோவை எனக்குக் கொண்டுவராதீர்கள், அது வரும் வழியிலேயே பாதி இளைத்துவிடும். ஒரிஜினலைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

எக்செல் படத்தில் சாம்பல் பின்னணி, முப்பரிமாணத் தூண்கள், படத்துக்குள் இன்னொரு தலைப்பு, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபடுத்தாதீர்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கும், கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுப்பவர்களுக்கும் இரண்டும் ஒன்று. வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறியையும் மாற்றுங்கள்.

படத்தின் குறிப்பு படத்துக்குக் கீழே, அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே. ஐ.இ.இ.இ.யில் படத்துக்குச் சாதாரண எண், அட்டவணைக்கு ரோமன் எண். எந்தப் படமும் உரைக்குள் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் நிற்கக் கூடாது. அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது, சமன்பாட்டைப் படமாக ஒட்டுவது, இரண்டுக்கும் என் கடையில் தடை.

ஆய்வுப் பகுதி வரைபடத்துக்கு கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தாலுக்கா எல்லையும் 30 புள்ளிகளும் போட்டு, அளவுக்கோடு, வடதிசைக் குறி, அட்சரேகை தீர்க்கரேகை சேர்த்துவிடுங்கள்.

எண்களில் நேர்மை இருக்கட்டும். கருவி இரண்டு தசமம் காட்டினால் சராசரியும் இரண்டு தசமத்தோடு நிற்கட்டும். எக்செல் 1.873333 என்று கொடுத்ததை அப்படியே எழுதினால் அளக்காததை அளந்தேன் என்று சொல்கிறீர்கள். புள்ளிக்கு முன் சுழியம் போடுங்கள், ".25" இல்லை, "0.25". எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளி வரிமுடிவில் உடையாமல் இருக்க வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள்.

ரெஃபரன்ஸ்

கையால் அடிக்காதீர்கள். ரெஃபரன்ஸைத் திரட்டி வைக்கும் மென்பொருளான ஜோட்டெரோ இலவசம், மெண்டலேயும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணைக் கொடுத்தால் விவரம் தானாக வரும், ஐ.இ.இ.இ. பாணியா ஸ்பிரிங்கர் பாணியா என்று சொன்னால் மொத்தப் பட்டியலும் மாறும். ஐந்தாவது ரெஃபரன்ஸுக்கும் ஆறாவதுக்கும் நடுவே புதிதாக ஒன்றைச் சொருகச் சொல்லி கைடு சொல்லும் நாளில்தான் இதன் அருமை தெரியும். தானாக வந்த விவரத்தையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருக்கும், ஃப்ளோரைடு அயனியைக் குறிக்கும் எஃப் மைனஸின் மேல்குறி கீழே விழுந்திருக்கும்.

முழுக் கட்டுரையைப் படிக்கப் பணம் கேட்கிறார்களே என்றால், அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இப்போது வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில், 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் சேர்ந்தே இருந்தது. 1998-இல் எழுதியவர் 'தர்மபுரி மாவட்டம்' என்றால் அதில் ஓசூரும் இருக்கிறது, பர்கூரும் இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். அந்த எண்ணை எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு "குறைந்திருக்கிறது" என்று எழுதிய வரைவு ஒன்றை என் கடையிலேயே பிடித்தோம். தாலுக்கா வாரியாக எடுத்து ஒப்பிடுங்கள்.

செய்தித்தாளை மூலமாகக் காட்டாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்பது 2022-இல் எல்லா நாளிதழிலும் வந்தது. ஆனால் நீங்கள் காட்ட வேண்டியது தொல்லியல் துறையின் வெளியீட்டை.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கி ஒட்டுவது இப்போது வந்திருக்கும் புதிய நோய். ஆசிரியர் உண்டு, இதழ் உண்டு, அப்படியொரு கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் சொடுக்கி, கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தைத் திருத்த அவற்றின் உதவியை எடுத்தால், கான்ஃபரன்ஸின் விதி என்ன என்று பார்த்து அதன்படி நடங்கள். பேப்பரின் உள்ளடக்கத்தையே அவை எழுதித் தந்திருந்தால் நன்றியுரைப் பகுதியில் அதைச் சொல்ல வேண்டும் என்பது ஐ.இ.இ.இ. விதி.

ஒற்றுமைச் சதவீதம்

"பிளேஜியரிசம் 10-க்குள்ள கொண்டுவந்துடுங்கண்ணா" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர். பிறர் எழுத்தோடு பேப்பர் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் சதவீதத்தைச் சொல்கிறார்கள். யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என்று படிகள் உண்டு. ரெஃபரன்ஸ் பட்டியல், மேற்கோளாகக் காட்டியவை, பொதுவான கலைச்சொற்கள் இவை கணக்கில் சேராது. கான்ஃபரன்ஸ்கள் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கும்.

சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல்லை வைத்துவிடும். 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கபனாக் குழுவினர் இப்படிப் பிறந்த சொற்களைத் தேடி ஆயிரக்கணக்கில் பேப்பர்களைப் பிடிக்க வழிகாட்டினார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலி உணர்வு' ஆகியிருந்தது, 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சு ஆபத்து'. நிலத்தடி நீரை என்னவாக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. மூலக் கட்டுரையைப் படித்து, மூடிவைத்து, பக்கத்தில் இருக்கும் நண்பருக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒட்டியதுபோல் வரவே வராது.

தமிழ் எழுத்து உள்ளே வந்தால்

கல்வெட்டு, நாட்டு ரகப் பெயர், தமிழ்க் கணினி என்று சில பேப்பர்களில் தமிழ் வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். வேர்டில் நிர்மலா அல்லது லதா, லேட்டெக் என்றால் ஸீலேட்டெக்கில் நோட்டோ தமிழ்.

பி.டி.எஃப்., சப்மிட்

பெயர் மறைத்து அனுப்பும் கான்ஃபரன்ஸ் என்றால் பெயரையும் கல்லூரியையும் மட்டும் எடுத்தால் போதாது. நன்றியுரை, நிதியுதவி எண், "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற வாக்கியம், எல்லாம் காட்டிக்கொடுக்கும். ஃபைலின் பண்புகளிலும் பெயர் ஒளிந்திருக்கும். வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' போட்டு அதையும் நீக்குங்கள். நம் கடையில் தயாராகும் ஃபைல்களில் ஆசிரியர் என்று என் கடைப் பெயர் இருக்கும், அது ஒரு தனிச் சிரிப்பு.

பி.டி.எஃப். ஆக்கியதும் அக்ரோபேட் ரீடரில் திறந்து, பண்புகளில் எழுத்துரு என்ற பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் 'எம்பெடட்' (ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஐ.இ.இ.இ. கான்ஃபரன்ஸ் என்றால் இறுதி ஃபைலை அவர்களுடைய பி.டி.எஃப். எக்ஸ்பிரஸ் தளத்தில் சரிபார்க்கச் சொல்வார்கள். எழுத்துரு விடுபட்டிருந்தால் அங்கேயே தட்டிவிடும். பக்க எண் போடாதீர்கள், பாஸ்வேர்டு வைக்காதீர்கள்.

பிறகு ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பேனாவோடு படியுங்கள். திரையில் பத்து முறை தப்பித்த பிழை தாளில் ஒரே பார்வையில் மாட்டும். கடைக்காரன் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தாலும் சரி.

ஈஸிசேர், மைக்ரோசாஃப்ட் சி.எம்.டி. போன்ற தளங்களில் முந்தின நாளே கணக்கு திறந்து, தலைப்பும் அப்ஸ்ட்ராக்டும் ஆசிரியர் பெயர்களும் ஏற்றிவிடுங்கள். கடைசி நேரம் 'ஏ.ஓ.இ.' என்று போட்டிருந்தால் பதற்றம் வேண்டாம். பூமியில் எங்காவது ஒரு இடத்தில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை நேரம் உண்டு என்று பொருள். இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. இது தெரியாமல் ராத்திரி பதினொன்றரைக்கு என் கடையில் அழுத ஒரு பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் நிதானமாக வந்து அனுப்பினார்.

ஏற்றுக்கொண்ட பிறகு

ரெவ்யூவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதி, என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று பதில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மறைத்த பெயர்களைத் திரும்பப் போடுங்கள், இதை மறப்பவர்கள் உண்டு. காப்புரிமைப் படிவத்தில் உள்ள தலைப்பும் பேப்பரில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பணம் கட்டியாயிற்றே என்று நேரில் போகாமல் இருந்துவிடாதீர்கள். வந்து வாசிக்காத பேப்பரைத் தன் எக்ஸ்புளோர் என்ற இணைய நூலகத் தொகுப்பில் சேர்க்காமல் விட ஐ.இ.இ.இ.க்கு உரிமை உண்டு.

போஸ்டராக ஏற்றுக்கொண்டிருந்தால் அளவு பெரும்பாலும் ஏ0, அதாவது 841 × 1189 மி.மீ. நம் ஊர் ஃபிளெக்ஸ் கடையில் எல்லாம் அடிக்கணக்கு. ஏ0 என்று சொன்னால் மூன்றுக்கு நாலு போட்டு, மிச்சத்தை நிரப்பப் படத்தை இழுத்துவிடுவார்கள், உங்கள் வட்டப் புள்ளிகள் எல்லாம் முட்டையாகிவிடும். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்து, "இழுக்காதீங்க, ஓரத்தை வெட்டிக் குடுங்க" என்று சொல்லுங்கள். பளபளப்பு ஃபிளெக்ஸ் வேண்டாம், ஹால் விளக்கு அதில் கண்ணாடிபோல் அடிக்கும். மேட் தாள் கேளுங்கள். வாங்கியதும் குழாயில் சுருட்டி, பஸ்ஸில் மேலே லக்கேஜ் ரேக்கில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். தொப்பூர் கணவாய் வளைவில் அது உருண்டு யார் தலையிலாவது விழும்.